இருபத்தைந்து டொலருக்குப் போன மெட்டு

முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்க்கப் போகிற சனம் கதை தெரியாமல் போவதில்லை. கோவலன் வெட்டுப்படுவதும் கண்ணகி வழக்குரைப்பதும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்த முறை கண்ணகிக்கு வந்த பெடியன் எப்படிப் பாடுகிறான், முன்னர் ஆடியவரை மிஞ்சுவானா என்பதுதான் பேச்சு. ஜாஸ் ரசிகர்களும் இந்த ரகம்தான். ஒரே மெட்டை ஆளுக்கொரு விதமாகப் பதிவு செய்வார்கள். யார் வென்றது என்று வருசக்கணக்காக வாதாடுவார்கள். அப்படிப் பலர் இறங்கி விளையாடிய களங்களில் ஒன்று 'கரவான்'.

பெயருக்கு அர்த்தம் பாலைவனத்து ஒட்டக வணிகக் கூட்டம். ஆனால் மெட்டைத் தந்தவர் பாலைவனத்து ஆள் அல்ல, கரிபியன் கடலின் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்த ஹுவான் டிசோல். டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் டிரொம்போன் வாசித்தவர். அவருடைய கருவி இழுத்துத் தள்ளி வாசிப்பது அல்ல, விரலால் அமத்தும் வால்வு வைத்தது. கரவானின் மெட்டு அரைச்சுரம் அரைச்சுரமாக நெளிந்து இறங்குவது. அதை வழுக்காமல் சுத்தமாக வாசிக்க இந்தக் கருவி தோதானது.

முதற்பதிவு 1936 டிசம்பரில் நடந்தது. இசைத்தட்டில் பெயர் கிளாரினெட் கலைஞர் பார்னி பிகார்டின் சிறு குழுவுக்கு. பியானோவில் எலிங்டன், டிரம்ஸில் சொனி கிரீர், எல்லாருமாக ஏழு பேர். மறு வருசம் மே மாதத்தில் எலிங்டனின் முழுக் குழுவும் பதிவு செய்தது. பதிப்பாளர் ஏர்விங் மில்ஸ், டிசோலின் உரிமையை 25 டொலருக்கு வாங்கிவிட்டார். மெட்டு பிரபலமான பிறகுதான் டிசோலுக்கு வருமானத்தில் பங்கு கிடைத்தது.

கரவான் என்ற பெயரில் வீசும் 'கிழக்கத்திய' வாசனை அந்தக் காலத்துச் சந்தைச் சரக்கு. நியூயோர்க்கின் கொட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், கீழே வெள்ளையர்கள் மட்டும். அந்தக் கூட்டத்துக்குக் காடு, பாலைவனம், ஒட்டகம் என்று எதைக் காட்டினாலும் விலைபோனது. அந்த மேடையில் வளர்ந்ததுதான் எலிங்டனின் குழு. அவர் கிழக்கை நேரில் பார்க்க வந்தது 1963இல். அமெரிக்க அரசு அனுப்பிய அந்தப் பயணத்தில் டமஸ்கஸ், காபூல், டில்லி எல்லாம் போய், எங்கள் கொழும்புக்கும் வந்தார். கரவான் அதற்குள் 27 வருசம் ஓடி முடித்திருந்தது.

சரக்குக் கவர்ச்சி மட்டும் என்றால் அது இத்தனை காலம் தாங்கியிராது. உள்ளே கட்டமைப்பு பலமானது. மெட்டின் ஒரு முழுச் சுற்று 64 பார். நான்கு எண்ணிக்கை ஒரு பார். ஒவ்வொரு பகுதியும் 16 பார். முதற்பகுதியில் 12 பார் வரைக்கும் கீழ்ச்சுருதி ஒரே இடத்தில் நின்று இழுக்கும். கடைசி நான்கில்தான் வீடு திரும்பும். அந்தக் காத்திருப்பில்தான் டிரம்ஸ்காரருக்கு இடம் கிடைக்கிறது. மூன்றாவது பகுதியில் தாளம் மாறித் துள்ளல் நடை வரும். பிறகு பழையபடி இறுக்கம்.

இந்த இடத்தை யார் எப்படிப் பயன்படுத்தினார் என்பதே போட்டி. 1955இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மொங்க் மூன்று பேர் கொண்ட குழுவாக வந்து, சுரங்களுக்கிடையே இடைவெளி விட்டே ஆடினார். 1956இல் பாடகர் நாட் கிங் கோல் டிசோலையே அழைத்துத் தன்னோடு வாசிக்க வைத்தார். பெரிய மோதல் 1962இல். செப்டெம்பர் 17இல் எலிங்டன், தன்னைவிட இளையவர்களான சார்ல்ஸ் மிங்கஸ், டிரம்ஸ் கலைஞர் மக்ஸ் ரோச் இருவரோடும் 'மனி ஜங்கிள்' இசைத்தட்டுக்காக இதை வாசித்தார். பியானோவைக் குத்திக் குத்தி வாசிக்கிறார், மிங்கஸ் பேஸ் நரம்பைப் பிடித்து இழுக்கிறார், ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து ஆர்ட் பிளேக்கி தன் ஆறு பேர் குழுவோடு டிரம்ஸாலேயே தொடங்கி, பத்து நிமிடத்துக்குக் கிட்ட நிறுத்தாமல் ஓட்டினார். 2014இல் வந்த 'விப்லாஷ்' படத்தின் இறுதிக்காட்சியில் டிரம்ஸ்கார இளைஞன் அடிப்பதும் இதே மெட்டு. படம் மூன்று ஒஸ்கார் வென்றது. ஆனால் அங்கே வேகம்தான் வீரமாகக் காட்டப்படுகிறது. அடிக்காமல் காத்திருக்கும் கெட்டித்தனம் தெரியவில்லை.

என் தீர்ப்பு: வேகத்துக்கு பிளேக்கி, மோதலுக்கு மனி ஜங்கிள். கிண்ணம் 1936க்குத்தான். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். அதற்குள் ஏழு பேரும் அளந்து வாசித்திருக்கிறார்கள். தூக்கி எறிய ஒரு சுரம் இல்லை.

கிளிநொச்சி, வவுனியாப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு பாண்ட் பழக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 1936, 1955, பிறகு 1962இன் இரண்டு என்று இந்த நாலு பதிவையும் வரிசையாகப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். முதல் 12 பாரையும் வாயால் எண்ணச் சொல்லுங்கள். டிரம்ஸ் குச்சியைக் கையில் கொடுப்பது அதற்குப் பிறகு.