புத்தகத்தை எண்ணுவதா, நேரத்தை எண்ணுவதா?

ஜனவரி பிறந்தால் வாசிப்புச் சவால்களும் பிறந்துவிடுகின்றன. திருப்பூரில் அது புத்தகத் திருவிழாவை ஒட்டிய காலம். அரங்கில் அள்ளிவந்த பையை வீட்டில் கொட்டியதும், இந்த ஆண்டு 50 புத்தகம், 100 புத்தகம் என்று இலக்கு வைத்துக்கொள்கிறவர்கள் எங்கள் 15 வேலம்பாளையத்திலும் இருக்கிறார்கள். அடுத்து அவர்கள் கேட்பது, கணக்கை எந்தச் செயலியில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். குட்ரீட்ஸ், ஸ்டோரிகிராஃப், புக்லி, கிண்டில், கூகுள் ஷீட் ஆகிய ஐந்தையும் முழுக்கத் தமிழ் நூல்களைக் கொண்டே பயன்படுத்திப் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடித்த புத்தகங்களை மட்டும் எண்ணும் செயலி, ஷிப்ட் வேலைக்குப் போகும் தமிழ் வாசகருக்குப் பயன்படாது. வாசித்த நேரத்தை எண்ணுவதே பயன்படும்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டவை: எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’, சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’, கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, நூலகத்திலிருந்து எடுத்த பழைய கெட்டி அட்டை நூல் ஒன்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மின்னூல் ஒன்று. முதல் இரண்டும் இந்த ஊரின் பனியன் தொழிலையும் சாயக் கழிவையும் பேசும் நாவல்கள் என்பதால் அவற்றைச் சேர்க்காமல் இருக்க மனம் வரவில்லை.

குட்ரீட்ஸ் 2007இல் தொடங்கியது. 2013இல் அமேசான் அதை வாங்கியது. ஆண்டு இலக்கு வைக்கும் வாசிப்புச் சவாலை 2011இலேயே கொண்டுவந்து, உலகம் முழுக்கப் பழக்கப்படுத்தியதும் அதுதான். எண்ணைக் கொடுத்தால் போதும். முடித்த ஒவ்வொரு நூலுக்கும் பட்டை கொஞ்சம் நகரும், இலக்குக்கு எத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்றும் சொல்லும். நண்பர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று பார்க்க இதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் அதன் சவாலில் அளவுகோல் ஒன்றே ஒன்று: புத்தகம். அறுபது பக்கச் சிறு நூலும் ஒன்று, ஆயிரம் பக்க நாவலும் ஒன்று.

இந்த இடத்தில் ‘பொன்னியின் செல்வன்’ நல்ல உரைகல். கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமையானதால் யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம், பதிப்பித்தும் இருக்கிறார்கள். ஐந்து பாகமும் தனித்தனியாக வரும், சேர்ந்து ஒரே தொகுதியாகவும் வரும். எழுத்தின் அளவுக்கு ஏற்பப் பக்க எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஐந்து பாகங்களாகப் பதிந்தால் சவாலில் ஐந்து, ஒரே தொகுதியாகப் பதிந்தால் ஒன்று. வாசித்தவர் அதே ஆள், வாசித்ததும் அதே கதை. தமிழில் தலைப்பைத் தேடினால் ஒரு பதிவும், ஆங்கில எழுத்தில் தேடினால் வேறொரு பதிவும் கிடைப்பது இதற்கு மேல் ஒரு சிக்கல். எந்தச் செயலியானாலும் தொடக்கத்திலேயே உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் பக்க எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சரிபார்க்காவிட்டால் பிறகு வரும் விழுக்காடு எல்லாமே பிசகும்.

பார்கோடை ஸ்கேன் செய்து நூலைச் சேர்க்கும் வசதி புதுப் புத்தகங்களுக்குத்தான் கைகொடுக்கும். நூலகத்தில் பைண்டிங் செய்து தரும் பழைய நூலின் பின்னட்டையில் பார்கோடு எங்கே இருக்கும்? இலவச மின்னூல்கள் பலவற்றுக்கு ஐஎஸ்பிஎன் எண்ணே கிடையாது. இந்த இரண்டு வகையையும் தலைப்பு, ஆசிரியர், பக்கம் என்று கையால்தான் உள்ளிட வேண்டும். தமிழ் வாசகர் இந்த வேலைக்குத் தயாராகத்தான் வரவேண்டும்.

நாடியா ஒடுனாயோ என்ற மென்பொருளாளர் உருவாக்கிய ஸ்டோரிகிராஃப் இந்த வகையில் ஒரு படி மேல். புத்தக எண்ணிக்கையோடு பக்க எண்ணிக்கையையும் ஆண்டு இலக்காக வைக்க முடிகிறது. ஒலிநூல் கேட்பவர்களுக்கு மணிக்கணக்கும் உண்டு. குட்ரீட்ஸில் சேர்த்து வைத்த பழைய பட்டியலைக் கோப்பாக இறக்கி இங்கே ஏற்றிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது இதுதான்: நாவலை முடிக்கும்வரை காத்திருக்காமல், இன்று வாசித்த 18 பக்கம் இன்றைக்கே கணக்கில் ஏறிவிடுகிறது. பெரிய நாவலில் இறங்கியவருக்கு அது எவ்வளவு தெம்பு தரும் என்பதை, இலக்குக்குப் பயந்து சின்னச் சின்ன நூல்களாகப் பொறுக்கி எடுத்தவர்கள் அறிவார்கள். ஆண்டு முடிவில் கிடைக்கும் வரைபடங்கள் அழகானவை. ஆனால் நூலின் மனநிலை, வேகம் பற்றிய குறிப்புகள் அதை வாசித்தவர்கள் தருபவை. தமிழ் நூல்களுக்கு அப்படித் தருகிறவர்கள் குறைவு என்பதால் அந்தப் பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே நிற்கும்.

கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பர் முதல் வருகின்றன. அதன் விழுக்காட்டுக் கணக்கு சிறு நூலுக்குப் பொருந்தும். ‘பொன்னியின் செல்வ’னை ஒரே கோப்பாக வைத்து வாசித்தால் நிலைமை வேறு. அச்சில் இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவல் அது. ஒரு விழுக்காடு என்பதே இருபது பக்கத்துக்கு மேல். மணிக்கு முப்பது பக்கம் வாசிப்பவர் முக்கால் மணி நேரம் வாசித்தால் எண் ஒன்றே ஒன்று நகரும். தொடர்ந்து எத்தனை நாள், எத்தனை வாரம் வாசித்தோம் என்று காட்டும் வசதியும் அதன் செயலியில் உண்டு. அதில் நாள் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்கை மட்டும் பாருங்கள் என்பேன். ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் இந்த ஊரில் எந்த வாசகரின் நாள் தொடரும் அறுந்துதான் போகும். அறுந்த தொடரைப் பார்த்துச் சவாலையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இங்கே பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அக்காக்கள் வைத்திருக்கும் சின்ன நோட்டைச் சொல்ல வேண்டும். பண்டில் எண், சைஸ், பீஸ் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் “எத்தனை பீஸ்?” என்று மட்டும் கேட்டால் அவர்களிடம் பதில் வராது, “எந்த ஆபரேஷன்?” என்று திருப்பிக் கேட்பார்கள். கழுத்துப் பட்டி வைப்பதும் லேபிள் வைப்பதும் ஒரே ரேட்டா? வாசிப்புச் செயலிகளை வடிவமைப்பவர்கள் இந்த நோட்டைப் பார்த்திருந்தால் புத்தகங்களை வெறுமனே எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் நடந்த இரண்டு சவால்கள் வேறு அளவுகோலைத் தேர்ந்தெடுத்தன. 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் கீழ்ப் பன்னிரண்டு நாள் வாசிப்பு மாரத்தான் நடந்தது. கூகுளின் ரீட் அலாங் செயலியில் குழந்தை உரக்க வாசிக்கும். செயலி அதைக் கேட்டு, சரியாகச் சொன்ன சொற்களை எண்ணும். 18 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், 263 கோடி சொற்கள் என்று கணக்கு வந்தது. திருச்சி மாவட்டத்தின் லால்குடி ஒன்றியம் முதலிடம் பிடித்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பருவத்துக்குச் சொல்தான் சரியான அலகு. ஒரு கதையை முடிக்காத குழந்தைக்கும் அதில் மதிப்பு கிடைத்தது.

இன்னொன்று, எழுத்தாளர் சுனில் கிருஷ்ணன் முன்னெடுத்த ஆயிரம் மணிநேர வாசிப்புச் சவால். எத்தனை நூல் என்று கேட்காமல் எத்தனை மணி நேரம் என்று கேட்டது அது. தடித்த நாவலைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை, கடினமான கட்டுரையை இரண்டாம் முறை வாசித்தாலும் நேரம் வீணாகாது. ஒரே ஆண்டில் ஆயிரம் மணி நேரம் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம். காலை எட்டரைக்கு உள்ளே போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருபவருக்கு அது எட்டாத உயரம். ஆனால் முந்நூறு மணி நேரம் என்று வைத்துப் பாருங்கள்: நாளுக்கு ஐம்பது நிமிடம்கூட ஆகாது. ஞாயிறு மதியம் நாலு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால் மற்ற நாள்களுக்கு அரை மணிக்கும் குறைவாகவே மிஞ்சும். நான் சொல்லும் இலக்கு இதுதான்.

நேரத்தை அளப்பதற்கென்றே வந்தது புக்லி. வாசிக்கத் தொடங்கும்போது கடிகாரத்தைத் தட்டிவிட்டு, நிறுத்தும்போது பக்க எண்ணைக் கொடுத்தால், உங்கள் வேகத்தில் நூலை முடிக்க இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிடும். தமிழ் நூல்களுக்கு இந்தக் கணிப்பு நன்றாகவே பொருந்துகிறது, காரணம் அது உங்கள் வேகத்திலிருந்தே கணக்கிடுகிறது. ஆங்கில வாசிப்பின் சராசரியைக் கொண்டு நம்மை அளப்பதில்லை. இலவசப் பதிப்பில் நூல்களுக்கு வரம்பு உண்டு, அதற்கு மேல் சந்தா கட்ட வேண்டும். இரண்டாவது தடை வேலையிடத்தில் இருக்கிறது. செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் இங்கே உண்டு. டீ இடைவேளையில் வாசிப்பவர் கடிகாரத்தை எங்கே தட்டுவார்? தவிர, வாசிப்பதற்காகப் போனைக் கையில் எடுப்பதே வாசிப்புக்கு ஆபத்து. கடிகாரத்தைத் தட்டப் போன விரல் வாட்ஸ்அப்பில் போய் நிற்கும்.

அதனால் என் பரிந்துரை கூகுள் ஷீட். அதோடு புத்தகத்துக்குள் செருகிவைக்கும் ஒரு துண்டு அட்டை. வாசிக்க உட்காரும்போது அட்டையில் மணியையும் பக்க எண்ணையும் பென்சிலால் குறிக்க வேண்டும், எழும்போதும் அப்படியே. இரவில் ஒருமுறை போனில் ஏற்றினால் போதும். அதற்கும் நேராக ஷீட்டைத் திறக்க வேண்டாம். கூகுள் ஃபார்ம் ஒன்றில் நூல், தொடங்கிய பக்கம், முடித்த பக்கம், நிமிடம் என்று நான்கு கேள்விகள் வைத்து, அதன் குறுக்குவழியைப் போனின் முகப்பில் போட்டுக்கொள்ளுங்கள். அனுப்பியதும் தேதியும் நேரமும் தானாகப் பதிந்து ஷீட்டில் வரிசையாகச் சேரும். நிமிடங்களைக் கூட்டி அறுபதால் வகுக்க ஒரே ஒரு சூத்திரம் போதும். எல்லாக் கேள்வியும் தமிழிலேயே இருக்கலாம். எந்தப் பதிப்பு, எத்தனை பாகம் என்ற குழப்பம் இல்லை. நூலகப் புத்தகமும் மின்னூலும் ஒரே வரிசையில் உட்காரும். நாலைந்து நண்பர்கள் ஒரே ஃபார்மைப் பயன்படுத்த விரும்பினால் பெயர் என்று ஐந்தாவது கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதன் குறைகள் கண்கூடானவை. அட்டைப் படம் இல்லை, வரைபடத்தை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும், இணையம் இல்லாதபோது ஃபார்ம் போகாது. அடுத்து என்ன வாசிக்கலாம் என்று எதையும் அது பரிந்துரைக்காது. அந்தப் பரிந்துரைக்காகக் குட்ரீட்ஸ் கணக்கையும் வைத்திருங்கள், நண்பர்களின் விமர்சனங்களை வாசிக்க அது நல்ல இடம்.

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஸ்டோரிகிராஃபைப் பக்க இலக்கோடு தரலாம். ஓய்வு பெற்று வீட்டில் இருந்து வாசிப்பவர்களுக்குப் புக்லி பொருந்தும். எதை எடுத்தாலும், தரவை வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். குட்ரீட்ஸிலும் ஸ்டோரிகிராஃபிலும் அது உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்பை இறக்கி ஷீட்டின் இரண்டாவது தாளில் ஒட்டி வைத்துக்கொண்டால், செயலியை மாற்றினாலும் கணக்கு உங்களிடமே இருக்கும்.