வருகையும் வரியும்: திரைப்பட இரசிகரின் எதிர்நோக்கைக் குறித்து

நம் பிரசங்க பீடங்கள் திரைப்படத்தைப் பற்றி வாய் திறந்தபோதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்திருக்கின்றன: படத்தில் காட்டப்படுவது என்ன? மதுவா, கொலையா, ஆபாசமா? இக்கேள்வி தவறானதன்று, ஆனால் போதுமானதன்று. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நாம் அறிந்த இளைஞர்களின் வாழ்வில் படம் பார்ப்பது மூன்று மணி நேர அலுவல். படத்துக்காகக் காத்திருப்பதோ ஓராண்டு, ஈராண்டு நீளும் அலுவல். தலைப்பு எப்போது அறிவிக்கப்படும், முதல் பாட்டு எந்நாளில் வெளிவரும், வெளியீடு பொங்கலுக்கா தீபாவளிக்கா என்னும் எதிர்பார்ப்பிலேயே அவர்கள் உள்ளம் குடியிருக்கிறது. காத்திருத்தல் என்பது திருச்சபையின் சொந்தப் பொருள். ஆண்டுதோறும் நான்கு ஞாயிறுகளை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் நாம், நம் வாலிபர் இவ்வளவு ஊக்கத்தோடு காத்திருக்கும் காத்திருப்பைக் குறித்து ஆராய்ந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது வியப்புக்குரியது.

ஓர் உண்மை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். நடிகர் அஜித் குமாரின் ‘வலிமை’ 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பின்னர் கொள்ளைநோய்க் காலம் குறுக்கிட்டது. படத்தைக் குறித்துச் செய்தி எதுவும் வரவில்லை. 2021 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் நடைபெற்ற கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டத்தின்போது, எல்லைக்கோட்டருகே நின்றிருந்த இங்கிலாந்து ஆட்டக்காரர் மொயின் அலியை நோக்கி இரசிகர்கள் ‘வலிமை அப்டேட்’ கேட்டுக் குரல் எழுப்பினர். அவருக்கு அச்சொல்லின் பொருள் விளங்கியிருக்க வழியில்லை. அரசியல் தலைவர்களிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது. அம்மாதத்திலேயே அந்நடிகர் அறிக்கை விடுத்து, பொறுமை காக்குமாறும் பொதுவிடங்களில் கண்ணியம் பேணுமாறும் தம் இரசிகரைக் கேட்டுக்கொண்டார். 2011இலேயே தம் பெயரிலிருந்த மன்றங்களைக் கலைத்துவிட்டவர் அவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. முதல் தோற்றம் 2021 ஜூலையில் வந்தது. 2022 பொங்கலுக்கு வரவேண்டிய படம் மீண்டும் தள்ளிப்போய், 2022 பிப்ரவரி 24 அன்று வெளியாயிற்று.

இதைப் பலர் நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டனர். நமக்கோ அதில் நகைப்பதற்கு மிகுதியாக ஒன்றும் தென்படவில்லை. விடை சொல்ல இயலாதவர் என்று நன்கறிந்தே ஓர் அந்நியரிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. அதன் நோக்கம் விடை பெறுவதன்று. காத்திருக்கிறோம் என்று உலகுக்கு அறிவிப்பது. “எம்மட்டும்?” என்று தொடங்கும் புலம்பற் சங்கீதங்களைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இக்குரலை அலட்சியம் செய்யலாகாது. இலக்கு வேறு, குரலின் அமைப்பு நமக்குப் பழக்கமானதே.

இவ்வெதிர்பார்ப்பு தானாக முளைத்ததன்று. அது விளைவிக்கப்படும் பயிர். இப்பயிருக்கு நம் சமவெளியும் ஒரு பழைய நாற்றங்கால். திருச்செங்கோட்டைத் தம் பெயரின் முதலெழுத்தில் சுமந்த டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938), கலைஞர் மு. கருணாநிதி உரையாடல் எழுதிய ‘மந்திரி குமாரி’ (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவை அங்கிருந்து வந்தவை. ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது. அந்நாட்களில் படம் வருமுன் மாட்டுவண்டி வரும். தட்டியும் கொட்டுமாக வந்து துண்டுத்தாள் இறைத்துவிட்டுப் போகும். கொட்டகையின் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கும். 1958இல் ‘நாடோடி மன்னன்’ வெளியானபோது ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் மக்கள் தொடர்பாளராகப் பணியாற்றினார். தமிழ்த் திரையுலகில் செய்தி தருவதே ஒரு தனித் தொழிலாக ஆனது அப்போதுதான் என்பர்.

அன்று செய்தி படத்துக்குத் தூதுவனாக இருந்தது. இன்றோ செய்தியே சரக்கு. ஓர் அறிவிப்பு எந்நாளில் வரும் என்பதற்கு முந்திய நாளில் ஓர் அறிவிப்பு. அதன்பின் தலைப்பு, முதல் தோற்றம், முதற்பாட்டு, டீசர், டிரெய்லர், பாட்டு வெளியீட்டு விழா. (இவ்வரிசையை எமக்குப் பிழையின்றி ஒப்புவித்தவர், பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசிகளின் பெயரை வரிசையாகச் சொல்லத் திணறும் ஓர் இறையியல் மாணவர்.) ஒவ்வொரு படியிலும் பசி ஆற்றப்படுவதில்லை, வளர்க்கப்படுகிறது. எத்தனை இலட்சம் பேர் எத்தனை மணி நேரத்தில் பார்த்தனர் என்னும் எண்ணிக்கை மறுபடியும் செய்தியாகிறது. அதாவது, காத்திருப்போரின் தொகையே காத்திருப்போருக்கு நற்செய்தியாக விற்கப்படுகிறது.

இதனால் இரசிகரை ஏமாளி என்று தள்ளுவது நியாயமன்று. குமாரபாளையத்தில் விசைத்தறியின் இரைச்சலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவன், சேலத்துக் கொலுசுப் பட்டறையில் ஊதுகுழலோடு குனிந்திருப்பவன், சங்ககிரியிலிருந்து லாரியேறி வடமாநிலம் சென்று மூன்று வாரங்கழித்துத் திரும்புபவன் ஆகியோரின் நாட்காட்டியில் ஒருநாள் மறுநாளைப் போன்றே இருக்கிறது. அந்நாட்காட்டியில் ஒரு தேதியைச் சிவப்பாக்கித் தருவது படம். அத்தேதியை முன்னிட்டு நண்பர் கூடுகின்றனர். பதாகைக்குப் பணம் சேர்கிறது. சாதி கேளாமல் ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறுகின்றனர். இரத்த தானமும் அன்னதானமும் இம்மன்றங்கள் செய்துவருவதை நாம் அறிவோம். எம். ஜி. ஆரைப் பற்றி ஆய்வாளர் எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூல், திரைப்பிம்பம் ஏழையின் கனவைக் கைப்பற்றிய விதத்தைக் கடுமையாகவே ஆராய்ந்தது. ஆயினும் கனவு காண்பதே குற்றம் என்று சொல்லும் உரிமை, வயிறு நிறைந்த நமக்கில்லை.

இனி நம் மறைநூலின் சொற்களுக்கு வருவோம். ஆண்டவரின் வருகையைக் குறிக்கப் புதிய ஏற்பாடு கையாளும் ‘பரூசியா’ என்னும் கிரேக்கச் சொல், அரசன் ஒரு நகருக்கு எழுந்தருளுவதைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய சொல். 1 தெசலோனிக்கேயர் 4இல் வரும் ‘அப்பாந்தேசிஸ்’, அவ்வரசனை எதிர்கொண்டழைக்க நகரத்தார் வாயிலுக்கு வெளியே திரண்டு செல்வதைக் குறித்தது. இலத்தீனில் ‘அட்வெந்துஸ்’, பேரரசர்கள் மாகாணங்களுக்கு வந்த நிகழ்ச்சியை இச்சொல் பொறித்த நாணயங்கள் கொண்டாடின. நாம் திருவருகைக் காலத்துக்கு வழங்கும் பெயர் அதுவே. ‘யூவாங்கெலியோன்’ என்னும் சொல்லும் இதற்கு விலக்கன்று. சின்ன ஆசியாவின் பிரியேனே நகரில் கிடைத்த கி.மு. 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அகுஸ்து பிறந்த நாளை உலகுக்கு நற்செய்திகளின் தொடக்கமாகப் போற்றி, அந்நாளையே ஆண்டுப் பிறப்பாக ஏற்கிறது. நடிகரின் பிறந்த நாளில் அடுத்த படத்தின் முதல் தோற்றத்தை வெளியிடுவது இன்றைய வழக்கம். 2023 ஜூன் 22 அன்று விஜய்யின் ‘லியோ’வுக்கு அவ்வாறே நடந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளில் இவ்வழக்கம் பெரிதாக மாறிவிடவில்லை.

ஆகவே, மன்றத்தாரின் ஆரவாரத்தை ‘புறமதத்தாரின் ஆரவாரம்’ என்று ஒதுக்குவது நமக்கு எளிதன்று. ஆதித் திருச்சபை அந்த ஆரவாரத்தின் சொற்களையே எடுத்துத் தன் ஆண்டவருக்குச் சூட்டியது. சொற்களை எடுத்தது, பொருளை அப்படியே எடுத்ததா என்பதே கேள்வி. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகள் ஒரு செய்தி சொல்கின்றன: அரசனின் பரூசியாவுக்கென்று மக்களிடம் தனி வரி தண்டப்பட்டது, தானியமும் கால்நடையும் கேட்கப்பட்டன. வருகிறவனுடைய மகிமைக்கு வரவேற்பவன் விலை கொடுக்கவேண்டும். எருசலேமின் வாயிலில் இரவல் கழுதைமேல் வந்தவரின் வருகைக்கு வரி இல்லை. அவ்வாரத்தின் இறுதியில் விலை கொடுத்தவர் வருகிறவரே. எந்த வருகையையும் நாம் மதிப்பிடுவதற்கு உரைகல் இதுதான்: செலவு யார்மேல் விழுகிறது?

இக்கல்லில் உரைத்துப் பார்த்தால் அண்மை ஆண்டுகளின் கணக்கு மிகக் கசப்பானது. 2023 ஜனவரி 11 அன்று ‘துணிவு’ வெளியான அதிகாலையில், சென்னையில் திரையரங்கருகே ஓடும் லாரியின்மேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து மாண்டார். அவ்வாண்டு அக்டோபர் 19 அன்று ‘லியோ’ வந்தபோது, தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் காட்சி அனுமதிக்கப்படவில்லை. அப்போதும் மாநில எல்லை கடந்து முன்னதாகவே பார்த்துத் திரும்பியோர் உண்டு. 2024 டிசம்பர் 4 அன்று ஐதராபாத்தில் ‘புஷ்பா 2’ முன்காட்சியின் நெரிசலில் ஒரு தாய் உயிரிழந்தார். அவருடைய மகன் மரணத்தின் விளிம்புவரை சென்றான். 2025 செப்டம்பர் 27 நம் மண்ணோடே ஒட்டிய நாள். அன்று நடிகராயிருந்து கட்சித் தலைவரான விஜய் நாமக்கல்லில் பேசிவிட்டுக் கரூருக்குச் சென்றார். அங்கே வேலுச்சாமிபுரத்தில் பல மணி நேரம் வெயிலில் காத்திருந்த கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். சட்டப்படி யார் பொறுப்பு என்பதை ஆராய்வது விசாரணை அமைப்புகளின் வேலை. நம் வேலை அன்று. ஆனால் அக்கூட்டம் கட்சிக் கொள்கையைக் கேட்க வந்த கூட்டம் மட்டுமன்று. ஒரு முகத்தை நேரில் காணப் பிள்ளையைத் தோளில் வைத்து வந்த கூட்டம். ஆண்டுக்கணக்கில் திரையரங்கு வாசலில் காத்திருந்து பழகிய கூட்டம். அப்பழக்கம்தான் சாலைக்கு வந்து நின்றது.

விழா என்றால் செலவும் இடையூறும் இல்லாமலா போகும், ஏழையின் மகிழ்ச்சிக்கு ஏன் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்கலாம். நளத தைலத்தை உடைத்த பெண்ணின்மேல் குறை சொன்னோருக்குக் கிடைத்த பதிலை நாம் மறக்கவில்லை. விரயமாகத் தோன்றும் அன்பை நாம் கண்டிக்கவில்லை. அவ்வன்பைப் பெறுகிற இடத்தில் இருப்போர் அதை முன்கூட்டியே எண்ணி, விலையிட்டு, அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேலும் முதல் நாளிலேயே தண்டிக்கொள்வதைத்தான் கண்டிக்கிறோம். அப்பெண்ணின் குப்பிக்கு எவரும் முன்பதிவு நடத்தவில்லை.

ஆனால் இத்தீர்ப்பை வெளியே வழங்கிவிட்டு வீடு திரும்ப நமக்கு உரிமையில்லை. நம் நகரங்களின் சுவர்களில் திரைப்படச் சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே நற்செய்திப் பெருவிழாச் சுவரொட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் பேச்சாளரின் முகம் முக்கால் பங்கு. ஆண்டவரின் பெயர் அடியில். ‘வருகிறார்’ என்னும் சொல்லுக்கு எழுவாய் பேச்சாளரே. முன்னோட்டக் காட்சி உண்டு, வரவேற்பு வளைவு உண்டு, மேடைக்கு ஏறும்போது இசை உண்டு. அதன் செலவுக்குப் பட்டறைக் கூலியில் பத்தில் ஒன்று எடுத்து வைத்தவரின் பெயர் அச்சுவரொட்டியில் இராது. திரைத்துறையாவது தன்னை வாணிகம் என்று ஒப்புக்கொள்கிறது. நாம் பரூசியாவின் வரியைத் தண்டிக்கொண்டு அதற்குக் காணிக்கை என்று பெயரிடுகிறோம். இவ்வழக்கத்தைக் கண்டும் காணாதிருக்கும் குருமார், ஞாயிறன்று திரைப்படத்தைக் கண்டித்துப் பேசுவதை வாலிபர் எவ்வாறு கேட்கின்றனர் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

ரோமர் 8:19இல் பவுல் கையாளும் ‘அப்போகரடோக்கியா’ என்னும் சொல், தலையை முன்னே நீட்டிக் கூர்ந்து நோக்குவதைக் குறிப்பது. கூட்டத்தில் முன்னாலிருப்பவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் இரசிகரின் நிலை அதுவே. ஆனால் அவ்வசனத்தில் கழுத்தை நீட்டி நிற்பது படைப்பு. அது காண விழைவது ஓர் அரசனின் முகத்தையன்று, கடவுளின் பிள்ளைகள் வெளிப்படுவதை. இங்கே கண்ணோட்டம் தலைகீழாகிறது. மன்றத்து இளைஞன் தன் வாழ்நாளெல்லாம் பார்ப்பவனாகவே இருக்கிறான். பிறர் வருவர், அவன் காத்திருப்பான். பிறர் தோன்றுவர், அவன் ஆர்ப்பரிப்பான். பவுலோ, பாடுபடும் உலகமே இவனுடைய வருகைக்குக் காத்திருக்கிறது என்கிறார். தறிக்கூடத்தில் கூலி குறைக்கப்பட்டபோது இவன் என்ன செய்தான், சாயக் கழிவு காவிரியில் கலந்தபோது இவன் எங்கே நின்றான் என்று உலகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதை அவனிடம் எவரும் சொன்னதில்லை. நம் வாலிபர் கூட்டங்களிலும் அவனைப் பார்வையாளனாகவே உட்கார்த்தி வைத்திருக்கிறோம்.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வருகிறது. பொங்கல் படங்களைப் பற்றிய பேச்சு ஊர் முழுதும் சூடேறுவதும் அவ்வாரங்களில்தான். நம் பீடத்தில் ஊதா விரிப்பு விரிக்கப்பட்ட மறுநாளே கீத பவனி புறப்பட்டுவிடுகிறது, கேக் வெட்டப்படுகிறது, காத்திருக்க ஒரு வாரமும் மிஞ்சுவதில்லை. இவ்வாண்டு நான்கு ஞாயிறுகளில் ஒன்றையாவது பவனிக்குக் கொடாமல், மன்றங்களில் இருக்கும் நம் பிள்ளைகளையே முன்வரிசையில் அமரச் செய்து, மேற்கண்ட ரோமர் பகுதியை அவர்களோடு சேர்ந்து படிக்குமாறு சேலம், நாமக்கல் வட்டாரத்துக் குருமாரைக் கேட்டுக்கொள்கிறோம். முதலில் அவர்கள் பேசட்டும். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை நம்மைவிட அவர்கள் நன்கு விவரிப்பர்.