வந்த ஊரும் வாசித்த நாவலும்

நாவல் படிப்பது முதலில் சந்தோஷத்துக்காகத்தான், ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். எனவே, நான் ஆசைப்பட்டுப் படித்து, இன்றும் அலமாரியிலிருந்து அடிக்கடி எடுக்கிற மூன்று நாவல்களைப் பற்றி மனதில் பட்டதை இங்கே சொல்கிறேன். மூன்றுமே தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ வந்த நம்மைப் போன்றவர்களின் கதைகள்.

ஆதவனின் 'காகித மலர்கள்' 1970களின் தில்லிக் கதை. உயர் அதிகாரி பசுபதி, அவர் மனைவி, விசுவம், செல்லப்பா, பத்ரி என்று மூன்று பிள்ளைகள். ஆளுக்கொரு வேஷம், அது வேஷம் என்று அவர்களுக்கே தெரியும். அதுதான் இந்த நாவலின் வேடிக்கையும் வேதனையும். ஒரே குறை, எல்லாப் பாத்திரங்களும் ஆதவனைப் போலவே யோசிக்கிறார்கள். நடுவில் கொஞ்சம் அலுப்புத் தட்டும். ஆனாலும் கீழே வைக்க மனம் வராது.

நாஞ்சில் நாடனின் 'மிதவை' வேறு ரகம். பட்டப்படிப்பு முடித்த சண்முகம் வேலை தேடி ஊரை விட்டுக் கிளம்பி, சென்னை வழியாக பம்பாய்க்கு வந்து சேருகிறான். இங்கே பெரிய தத்துவமெல்லாம் இல்லை. சாப்பாடு, படுக்க இடம், சம்பளம் இவைதான் பிரச்சினை. வேற்றூரில் ஒண்டிக்கொண்டு இருந்தவர்களுக்கு ஒவ்வொரு பக்கமும் சுருக்கென்று குத்தும். நாஞ்சில் நாட்டுப் பேச்சின் ருசி தனி.

இரண்டையும்விட என்னைப் பிடித்து உலுக்கியது அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977). ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன் செகந்திராபாத்தில் கல்லூரி மாணவன். கிரிக்கெட், சைக்கிள், மாடு தேடி அலைவது என்று பாதி நாவல் சாவகாசமாகப் போகிறது. 'என்னடா, கதையே ஆரம்பிக்கவில்லையே' என்றுகூடத் தோன்றும். ஆனால் நிஜாம் ராஜ்யத்தின் கடைசி நாட்கள் சந்தடியில்லாமல் அவனைச் சூழ்ந்துவிடுகின்றன. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. பயம் பக்கம் மாறுகிறது. கலவரத்தில் ஓடி ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான் சந்திரசேகரன். நடுங்கிக்கொண்டிருக்கும் அந்த முஸ்லிம் குடும்பத்துக்கு அவனே எமனாகத் தெரிகிறான். குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறு பெண் தன்னையே கொடுக்க முன்வருகிறாள். அவன் கூசிப்போய் வெளியே ஓடுகிறான். ஆசிரியர் குரலை உயர்த்தவே இல்லை. ஓர் அழுகை, ஒரு பிரசங்கம் கிடையாது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

வந்தேறிய ஊரில் நாம் பெரும்பாலும் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்கள். 'அவங்க சண்டை, நமக்கென்ன' என்பது நமக்குப் பழகிப்போன சமாதானம். சந்திரசேகரனும் அப்படித்தான் இருந்தான். அவன் யாரையும் அடிக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. இருந்தும் அந்த வீட்டாருக்கு அவன் ஒரு கட்சிக்காரன். ஊர் பற்றி எரியும்போது ஒதுங்கி நிற்க இடமே இல்லை என்பதை இவ்வளவு சன்னமாகச் சொன்ன தமிழ் நாவல் வேறெதையும் நான் படித்ததில்லை.

சொந்த ஊரை நினைத்து ஏங்குவதோடு நம் எழுத்து நின்றுவிடக் கூடாது என்பதற்கு இம்மூன்றும் சாட்சி. தமிழ் எழுத்துத் தெரியாமல் வளரும் நம் பிள்ளைகளுக்காக ஒரு தகவல்: அசோகமித்திரனின் இந்த நாவல் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. அவர்கள் அதில் படிக்கட்டும். நீங்கள் தமிழில் படித்துவிட்டு அவர்களோடு பேசுங்கள்.