அல்மண்டைன் பகுதி: கனிமம் எப்போது தாது ஆனது?



படிவம் 5 மாணவர்களுக்கான கருத்துணர்தல் பயிற்சி ஒன்று இப்போது ஆசிரியர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. பொருள், அல்மண்டைன் என்னும் சிவப்புக் கனிமம். நான்கு பத்தி, எட்டுக் கேள்வி, கூடவே விடைக்குறிப்பு. தயாரித்தவர் பெயர் தாளில் இல்லை. இருந்திருந்தாலும் இங்கே எழுதியிருக்க மாட்டேன். என் வகுப்பிலும் இதைக் கொடுத்தேன். திருத்த உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீதிக்கதையும் பண்டிகையும் படித்துச் சலித்த பிள்ளைகளுக்கு ஒரு கல்லைப் பற்றிப் படிக்கக் கொடுத்தது நல்ல துணிச்சல். வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. சிற்றாசியாவில் இருந்த அலபாண்டா என்ற பழைய ஊரின் பெயரிலிருந்துதான் அல்மண்டைன் என்ற பெயர் வந்தது என்ற செய்தியை மாணவர்கள் விரும்பிப் படித்தார்கள். அதே முதல் பத்தியில், இது இரும்பும் அலுமினியமும் சேர்ந்த சிலிக்கேட், கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சரியாகவே எழுதியிருக்கிறார்.

இரண்டாம் பத்தியில் அதே பொருள் 'இரும்புத் தாது' ஆகிவிடுகிறது. மூன்றாம் பத்தியில் 'மாணிக்க வகை'. நான்காம் பத்தியில் மறுபடியும் 'கனிமம்'. ஏன் இப்படி? காரணம் நம்மிடமே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே, மாற்றி எழுது என்று கட்டுரைப் பாடத்தில் நாம்தானே சொல்லிக் கொடுக்கிறோம்! நிலவை மதி என்றும் திங்கள் என்றும் மாற்றலாம், நிலவுக்கு ஒன்றும் ஆகாது. அறிவியல் பகுதியில் அது நடக்காது. 'தாது' என்ற சொல்லுக்குப் பல பொருள் உண்டு, தாது உப்பு என்று உணவுப் பாடத்திலும் சொல்கிறோம். ஆனால் 'இரும்புத் தாது' என்று சேர்த்துச் சொன்னால், இரும்பு பிரித்தெடுக்க உதவும் கல் என்றுதான் அர்த்தம்.

அல்மண்டைனில் இரும்பு இல்லாமல் இல்லை. 3 இரும்பு அணு, 2 அலுமினியம், 3 சிலிக்கன், 12 ஆக்சிஜன். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இரும்பு. ஆனாலும் அதை யாரும் உலையில் போட்டு இரும்பு எடுப்பதில்லை. சிலிக்கேட் கட்டமைப்புக்குள் இறுகிக் கிடக்கும் இரும்பைப் பிரிப்பது கட்டுப்படியாகாது. சுமார் 70 விழுக்காடு இரும்புள்ள ஹேமடைட் கிடைக்கும்போது இதை யார் தொடுவார்? அல்மண்டைன் போகும் இடம் வேறு: தேய்ப்புத் தாள், நீர்த்தாரையால் உலோகத்தை அறுக்கும் இயந்திரம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட்டைப் பிரித்தெடுத்து விற்கிறார்கள், இரும்புக்காக அல்ல.

இப்போது 7ஆம் கேள்விக்கு வருவோம். அல்மண்டைன் எவ்வகையைச் சேர்ந்தது? விடைக்குறிப்பில் 'இரும்புத் தாது' என்று இருக்கிறது. என் மாணவி ஒருத்தி 'சிலிக்கேட் கனிமம்' என்று எழுதியிருந்தாள். குறிப்பின்படி சுழியம் போட்டுவிட்டேன். தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், முதல் பத்தியிலேயே சிலிக்கேட்னு போட்டிருக்கே, அதைத்தானே எழுதினேன்?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கருத்துணர்தலில் பகுதிதான் ஆதாரம், வெளியே படித்ததை எழுதாதே என்று அவளிடம் சொன்னவனே நான்தான்.

அவள் எழுதியது அறிவியல்படியும் சரி. கனிமத்தை எந்த உலோகம் இருக்கிறது என்று மட்டும் பார்த்து வகைப்படுத்துவதில்லை. நடுவில் ஒரு சிலிக்கன், நான்கு மூலையில் நான்கு ஆக்சிஜன். இந்த நான்முகி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதே சிலிக்கேட்டின் உட்பிரிவைத் தீர்மானிக்கிறது. மைக்காவில் அவை தாள் தாளாகக் கோத்திருக்கும். கார்னெட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். இடையில் உலோக அணுக்கள் உட்கார்ந்திருக்கும். இரும்பு இருந்த இடத்தில் மெக்னீசியம் வந்தால் பைரோப், மாங்கனீசு வந்தால் ஸ்பெசார்டைன். இயற்கையில் இவை பெரும்பாலும் கலந்தே கிடைக்கும். குடும்பத்தைச் சொல்வது சிலிக்கேட் அமைப்பு, ஆளைச் சொல்வது உலோகம். 'இரும்பு கார்னெட்' என்றால்கூடப் போதாது. ஆண்ட்ரடைட் என்ற இன்னொரு கார்னெட்டிலும் இரும்பு உண்டு, ஆனால் அங்கே அது அலுமினியத்தின் இடத்தில் இருக்கிறது.

'மாணிக்க வகை' என்பது இதைவிட மோசம். மாணிக்கம் அலுமினிய ஆக்சைடு. சிலிக்கேட்டே அல்ல. கடினத்தன்மை 9. அதன் சிவப்பு குரோமியத்தால் வருவது. இரண்டும் சிவப்பாக இருப்பது மட்டும்தான் ஒற்றுமை.

அல்மண்டைன் துருப்பிடித்த இரும்பைப் போலச் சிவந்தது என்று ஓர் உவமை வேறு. படிக்க அழகாக இருக்கிறது. துருவில் இரும்பு மூன்று எலக்ட்ரான் இழந்த நிலையில் இருக்கும், அல்மண்டைனில் இரண்டு இழந்த நிலையில். நிறம் வரும் வழி ஒன்றல்ல. நிறத்துக்காக மட்டும் உவமை என்றால் விட்டுவிடலாம், 'ஏன் சிவந்தது?' என்று 5ஆம் கேள்வியில் கேட்டு, 'துருப்பிடித்ததால்' என்று விடை கொடுத்திருப்பதை விட முடியாது.

'எளிதில் உடையாத கல்' என்பதும் தவறு. கடினத்தன்மை 7 முதல் 7.5 என்றால் கண்ணாடியைக் கீறும் என்று பொருள். சுத்தியலால் அடித்தால் உடைந்துபோகும். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு.

பின்வரிசைப் பையன் ஒருவன் நல்ல கேள்வி கேட்டான்: "சார், இவ்வளவு இரும்பு இருக்குன்னா காந்தத்துல ஒட்டுமா?" சாதாரணக் காந்தத்தில் ஒட்டாது. கல்லைச் சிறு தக்கையில் வைத்து நீரில் மிதக்கவிட்டு, வலுவான நியோடிமியக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் மெல்ல நகர்ந்து வரும். இந்தக் கேள்வி பயிற்சித் தாளில் இருந்திருக்கலாம்.

மாணவிக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். 'இரும்புத் தாது' என்று எழுதியவர்களிடமிருந்து பிடுங்கவில்லை, இரண்டாம் பத்தி அப்படித்தானே சொல்கிறது. தாளை இனிமேல் கொடுக்கப்போகிறவர்கள் அந்தப் பத்தியில் 'இரும்பு மிகுந்த சிலிக்கேட் கனிமம்' என்று திருத்துங்கள், மாணிக்க வரியையும் 5ஆம் கேள்வியையும் எடுத்துவிடுங்கள், 7ஆம் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: அல்மண்டைனில் இரும்பு இருந்தும் அதை இரும்புத் தாது என்று ஏன் சொல்வதில்லை?