திட்டப்பகுதி ஊராவது எப்போது? சென்னைப் புறநகர் மறுகுடியமர்வுகளின் மேம்பாடு: ஒரு திறனாய்வு

சென்னையின் தென்புறத்தில், பழைய மாமல்லபுரம் சாலையைச் சார்ந்து கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் அமைந்துள்ளன. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலும் கடலோரக் குப்பங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் 2000-க்குப் பிறகு படிப்படியாக இங்கே குடியமர்த்தப்பட்டன. கண்ணகி நகர், எழில் நகர் இரண்டிலும் சேர்த்து 23,704 வீடுகள் உள்ளன, செம்மஞ்சேரியில் 6,764, பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு லட்சம் பேர் வாழும் பரப்பு இது.

இவ்வளவு பெரிய மக்கள்கூட்டத்தை நகரின் ஓரத்தில் ஒரே இடத்தில் குவித்ததன் விளைவுகள் தெரியத் தொடங்கிய பின், இக்குடியிருப்புகளை மேம்படுத்தும் முயற்சிகள் வந்தன. சுவரோவியங்கள், பூங்காக்கள், கூடுதல் பேருந்துகள், குடியிருப்போர் சங்கங்கள், விளையாட்டுப் பயிற்சி என அவை பலவகைப்படும். இவற்றின் நோக்கம் கட்டடங்களைச் சீர்செய்வது மட்டுமன்று. இங்கு வாழ்வோர் இவ்விடத்தைத் தம் இடமாக உணரச் செய்வதும்தான். அந்த இரண்டாவது நோக்கம் எவ்வளவு நிறைவேறியிருக்கிறது என்பதைப் பொறுத்தே இம்முயற்சிகளை எடைபோட வேண்டும்.

ஊரும் திட்டப்பகுதியும்

மானிடவியலாளர் ஈ. வலென்டைன் டேனியல் 1984-இல் வெளியிட்ட தமிழ்ச் சமூகம் பற்றிய ஆய்வில், கிராமம், ஊர் என்ற இரு சொற்களுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். கிராமம் என்பது அரசு வரைபடத்தில் எல்லை வகுத்துக் காட்டும் நிலப்பரப்பு. ஊர் என்பது சொல்பவரின் வாழ்வோடு ஒட்டியது. கோயில், குளம், சொந்தபந்தம், தொழில் ஆகியவற்றால் உணரப்படுவது. "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு யாரும் வருவாய்த்துறைப் பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை.

மறுகுடியமர்வுக் குடியிருப்புகளை வீட்டுவசதி நிர்வாகம் 'திட்டப்பகுதி' என்று குறிப்பிடுகிறது. வீடுகள் பிளாக் எண்ணாலும் கதவு எண்ணாலும் அறியப்படுகின்றன. ஒதுக்கீட்டு ஆணையில் வரும் எண்தான் ஒரு குடும்பத்தின் அண்டை வீட்டார் யார் என்பதையும் தீர்மானிக்கிறது. முப்பது ஆண்டுகள் ஒரே சந்தில் வாழ்ந்த குடும்பங்கள் வெவ்வேறு பிளாக்குகளுக்குப் பிரிந்தபோது, அவசரத்துக்குக் கைமாற்று வாங்கவும், பிள்ளையை ஒருமணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் ஆளில்லாமல் போனது. ஊர் என்று உணரப்பட்டது அந்த உறவுகளின் பின்னல்தான். மேம்பாடு என்பது அடிப்படையில் இந்தத் திட்டப்பகுதியை ஊராக மாற்றும் பணி.

கொள்கை கடந்து வந்த பாதை

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயோ அதற்கு அருகிலோ அடுக்குமாடி வீடுகளைக் கட்டித் தருவதே அதன் முதன்மையான வழியாக இருந்தது. கட்டடத்தின் தரம் எப்படியிருந்தாலும், குடியிருந்தவரின் வேலை, பள்ளி, மருத்துவமனை, கோயில் எதுவும் மாறவில்லை.

1977-இல் உலக வங்கியின் கடனுதவியோடு வேறொரு வழி வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனை பிரித்து, சாலை, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றை அரசு அமைத்துக்கொடுத்தது. வீட்டைக் குடும்பங்கள் தம் வசதிக்கேற்பச் சிறுகச் சிறுகக் கட்டிக்கொண்டன. பெரிய மனைகளை வசதியுள்ளோருக்குக் கூடுதல் விலைக்கு விற்று, அந்த வருவாயைக் கொண்டு ஏழைகளின் சிறு மனைகளுக்கு விலை குறைக்கப்பட்டது.

2000-க்குப் பிறகு மூன்றாவது வழி வலுப்பெற்றது. நகருக்குள் நிலத்தின் விலை ஏறியது. ஆற்றங்கரைச் சீரமைப்பு, சாலை, ரயில் திட்டங்களுக்கு இடம் தேவைப்பட்டது. 2004 ஆழிப்பேரலையும் 2015 வெள்ளமும் நீர்நிலைக் கரைகளில் வாழ்ந்தோரை அகற்றும் பணியை விரைவுபடுத்தின. நகர்ப்புற ஏழைகளுக்கான மத்திய அரசு நிதி பெருந்தொகுதிகளாக வீடு கட்ட உதவியது. கண்ணகி நகரில் முதலில் கட்டப்பட்ட வீடுகள் 200 சதுர அடியைத் தாண்டவில்லை. பெரும்பாக்கத்தில் வீடுகள் பெரிதாயின. ஆனால் கட்டடங்கள் எட்டு அடுக்காக உயர்ந்தன. வாரியம் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

இடமாற்றத்தின் இழப்புகள்

மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ வீட்டுவேலை செய்த ஒரு பெண்ணின் காலைப்பொழுதை எடுத்துக்கொண்டால் இழப்பின் அளவு விளங்கும். கால்வாய்க் கரையில் இருந்தபோது ஆறு மணிக்கு நடந்து போய், இரண்டு வீட்டுப் பாத்திரம் துலக்கி, எட்டு மணிக்குத் திரும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மூன்றாவது வீட்டுக்குப் போக முடிந்தது. பெரும்பாக்கத்திலிருந்து அதே வேலைக்குப் போக வேண்டுமென்றால் விடியுமுன் பேருந்து பிடிக்க வேண்டும். நடுவில் வீடு திரும்ப வழியில்லை. பிள்ளைகள் தாமாகவே எழுந்து கிளம்ப வேண்டியதாகிறது. பள்ளிக்குப் போனார்களா என்பது மாலையில்தான் தெரியவரும். பெண்களின் வேலையிழப்பும் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்தவை.

மற்றொரு இழப்பு முகவரியில் உள்ளது. கண்ணகி நகர் என்ற பெயர் செய்திகளில் குற்றத்தோடு சேர்த்தே நெடுங்காலம் சொல்லப்பட்டது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் முகவரிக் கட்டத்தில் கண்ணகி நகர் என்பதை விட்டுவிட்டு, சுற்றுவட்டாரப் பெயரான 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதும் வழக்கம் இதிலிருந்து பிறந்தது. கடன், வாடகை வண்டி, திருமண சம்பந்தம் என எங்கும் அந்தப் பெயர் குறுக்கே நின்றது. தான் வாழும் இடத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஒருவர் தயங்கும்வரை, அங்கே எத்தனை பூங்கா அமைத்தாலும் அது அவருடைய ஊராகாது.

சுவரோவியங்கள்

2020 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சியின் துணையோடு ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் கண்ணகி நகரை ஓவிய வட்டாரமாக்கும் பணியைச் செய்தன. இந்திய ஓவியர்களும் வெளிநாட்டு ஓவியர்களும் அடுக்குமாடிகளின் பக்கச்சுவர்களில் முழு உயரத்துக்கு வரைந்தனர்.

இதன் பலன் உண்மையானது. கண்ணகி நகர் என்ற பெயரோடு முதன்முறையாக அழகான படங்கள் சேர்ந்தன. அந்தப் பக்கமே வராதவர்கள் ஓவியம் பார்க்க வந்தார்கள். பெயரின் மேல் படிந்த கறையைப் பெயரின் வழியாகவே துடைக்க முயன்றதில் இத்திட்டத்தின் வலிமை உள்ளது. செலவும் ஒப்பீட்டளவில் குறைவு. விளைவு கண்முன் உடனே தெரிகிறது.

குறையும் அங்கேயே தொடங்குகிறது. ஓவியம் வெளிச்சுவரில் இருக்கிறது. கசியும் கழிவுநீர்க் குழாய், உப்புப் பூத்த உட்சுவர், மாடிப்படியில் குடம் குடமாகத் தூக்கிச் செல்லும் தண்ணீர் ஆகியவை கட்டடத்துக்குள் இருக்கின்றன. எந்தச் சுவரில் எதை வரைவது என்பதைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவர்களே தீர்மானிக்கும்போது, குடியிருப்பவர் தம் வீட்டுச் சுவருக்கே பார்வையாளராகிறார். வண்ணம் வெயிலிலும் மழையிலும் மங்கும். அதைப் புதுப்பிக்கும் பொறுப்பும் நிதியும் உள்ளூரில் யாரிடமும் இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் பழைய நிலை திரும்பும். ஓவியம் வெளியாரின் பார்வையை மாற்ற வல்லது. உள்ளே வாழ்வோரின் உரிமையுணர்வை அது மட்டும் உண்டாக்காது.

பேருந்தும் சங்கமும்

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். இது மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கென்று வகுத்த திட்டமன்று. எனினும் நகரின் ஓரத்தில் வாழும் பெண்களுக்கு இதனால் கிடைத்த நன்மை பெரிது. சம்பளத்தில் ஒரு பகுதியைப் பேருந்துக்கே கொடுத்த பெண்களுக்கு அந்தப் பணம் கையில் நிற்கிறது. ஒரு குடியிருப்பை மேம்படுத்தும் வழிகளில் சில அதன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன என்பதை இது காட்டுகிறது. கட்டணம் போனாலும் தொலைவு போகவில்லை. பயண நேரத்தைக் குறைக்க அதிகாலைப் பேருந்துகளின் எண்ணிக்கையும், அருகிலேயே வேலைவாய்ப்பும் தேவை.

பராமரிப்பில் முக்கியமான மாற்றம் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம். குடியிருப்போர் நலச் சங்கங்களை அமைத்து, அவர்கள் செலுத்தும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பங்களிப்பது இதன் ஏற்பாடு. தண்ணீர் மோட்டாரும் மின்தூக்கியும் பழுதானால் வாரிய அலுவலகத்துக்கு மனு எழுதிக் காத்திருந்த இடத்தில், சங்கமே முடிவெடுத்துச் செலவு செய்ய வழி பிறந்தது. அண்டை வீட்டாரை எண்ணால் மட்டும் அறிந்திருந்தவர்கள் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். பிரிந்துபோன பின்னல் மீண்டும் கூடுவதற்கு இதைவிட இயல்பான தருணம் இல்லை.

இதன் குறைகளும் கவனத்துக்குரியவை. எட்டு அடுக்குக் கட்டடத்தில் மின்தூக்கி ஓடுவதற்கு ஆகும் செலவு, நடந்தே ஏறும் பழைய கட்டடங்களின் செலவைவிடப் பலமடங்கு. நாள்கூலியை நம்பியிருப்பவர் ஒரு மாதம் தவறினால் மறுமாதம் இருமடங்கு கட்ட வேண்டும். கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் பகை வளரும். வடிவமைப்பிலேயே செலவு மிகுந்த கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தது அரசு. அந்தத் தேர்வின் சுமை குடியிருப்போர் மேல் விழக்கூடாது. பொறுப்பைப் பகிரும்போது அதிகாரத்தையும் பகிர்ந்தால்தான் சங்கம் வேர்விடும்.

பெயரை மீட்ட விளையாட்டு

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகரைச் சேர்ந்தவர். தமிழகம் முழுவதும் அவர் பெயர் ஊர்ப்பெயரோடு சேர்த்தே சொல்லப்பட்டது. இளைஞர்கள் விண்ணப்பத்தில் மறைத்த பெயர், வெற்றியின் அடைமொழியானது.

இந்தப் பெருமை ஓவியங்கள் தந்த பெருமையிலிருந்து வேறுபட்டது. உள்ளூர் மண்ணில் ஆண்டுக்கணக்கில் ஆடிய ஆட்டத்திலிருந்து, அங்கேயே வளர்ந்தவர் ஈட்டியது. இதற்கு அடிப்படை ஓர் ஆடுகளமும், நாள்தோறும் வந்து நிற்கும் பயிற்சியாளரும், உடன் ஆடும் தோழிகளும். ஒரு தனிப்பட்ட வெற்றியை வைத்து இத்தனை ஆயிரம் வீடுகளின் குறைகள் தீர்ந்ததாகக் கொள்ள முடியாது. எனினும், திடல், நூலகம், மாலைநேர வகுப்பு போன்ற சிறு ஏற்பாடுகளில் நீண்டகாலம் முதலீடு செய்வதன் பயனுக்கு இது நல்ல சான்று.

தொடப்படாத மூன்று குறைகள்

மேம்பாட்டு முயற்சிகள் பெரும்பாலும் தொடாமல் விட்ட அடிப்படைகள் மூன்று. முதலாவது உரிமைப் பத்திரம். ஒதுக்கீட்டு ஆணை குடியிருக்க இடம் தரும். கிரயப் பத்திரம் கையில் இருந்தால்தான் வீடு சொத்தாகும், வங்கியில் மதிப்புப் பெறும், பிள்ளைகளுக்குப் போகும். தவணை கட்டிமுடித்தும் பத்திரத்துக்குக் காத்திருக்கும் குடும்பம் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் தயங்கும்.

இரண்டாவது நிலத்தின் தன்மை. செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். 2015 வெள்ளத்தால் ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களில் பலர் பெரும்பாக்கத்துக்கு வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அப்பகுதியையும் வெள்ளம் சூழ்ந்தது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் அஞ்சி வாழும் இடத்தில் நிலைத்த பற்று உருவாவது கடினம்.

மூன்றாவது, ஒரே வகை மக்களை ஒரே இடத்தில் குவித்தது. இங்குதான் அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற பழைய மனைத் திட்டங்களோடு ஒப்பிடுவது பயன்தரும். அவை தொடங்கிய காலத்தில் நகரின் ஓரங்களே. இன்று அவை மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்தறிய முடியாத சென்னைப் பேட்டைகள். அங்கே பல வருவாய்நிலையினர் அருகருகே இருந்தனர். கடையும் பட்டறையும் வீட்டோடு வளர்ந்தன. மாடி எழுப்புவதும் வாடகைக்கு விடுவதும் குடும்பத்தின் முடிவாக இருந்தது. மனைகளின் ஒரு பகுதி நாளடைவில் வசதி கூடியோரின் கைக்கு மாறியது என்பது அவ்வழியின் குறை. எனினும் தன் கையால் கட்டிய வீட்டோடு வரும் பற்றைத் தனியே திட்டமிட்டு உண்டாக்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

இனி வரும் சவால் ஒன்றும் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலையில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி நடக்கிறது. தொலைவின் சுமையைக் குறைக்கும் இந்த வசதி, நிலத்தின் மதிப்பையும் உயர்த்தும். பத்திரம் இல்லாத குடும்பங்களுக்கு அது புதிய இடமாற்ற அச்சமாகவும் மாறலாம். ஆகவே உரிமையை உறுதிசெய்வது வளர்ச்சிக்கு முன்பே நடக்க வேண்டியது.

மதிப்பீடு

ஓவியம் பெயரின் களங்கத்தைக் குறைத்தது. கட்டணமில்லாப் பேருந்து வேலைக்கான வழியைத் திறந்தது. சங்கம் அண்டை வீட்டாரைக் கூட்டியது. விளையாட்டு பெருமையை ஈட்டியது. ஒவ்வொன்றும் தேவையானதே. குடியிருப்போர் தாமே முடிவெடுத்த முயற்சிகளும், தாமே ஈடுபட்டு உழைத்தவையும் வேர்பிடிக்கின்றன. அவர்களைப் பார்வையாளர்களாக வைத்தவை மேற்பரப்பிலேயே நிற்கின்றன. ஓர் உண்மையையும் மறக்கலாகாது: இவையனைத்தும் இடமாற்றத்தால் ஏற்பட்ட சேதத்தைப் பின்னர் சரிசெய்யும் பணிகள். இருக்கும் இடத்திலேயே வீடு தரும் 1970-களின் வழியை இயன்றவரை பின்பற்றுவதும், இடமாற்றம் தவிர்க்க முடியாதபோது பழைய அண்டை வீட்டாரை ஒரே பிளாக்கில் சேர்த்துக் குடியமர்த்துவதும், பள்ளியும் பேருந்தும் ஆயத்தமான பிறகே சாவியைக் கொடுப்பதும், கிரயப் பத்திரத்துக்குக் காலவரையறை வகுப்பதும் அந்தச் சேதத்தை முன்கூட்டியே குறைக்கும். ஏற்கெனவே குடியேறிவிட்ட ஐம்பதாயிரம் வீடுகளைப் பொறுத்தவரை, எந்த மேம்பாட்டுத் திட்டமும் முதலில் விடை காண வேண்டியது, இந்த இடத்தில் எதை மாற்றுவது என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்விக்குத்தான்.