கல்யாண மேடைக்கு ஏற்ற ட்ரிகர்: கோடாக்ஸ் எக்ஸ்புரோ

கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் நடக்கும்போது மேடையில் கால் வைக்க இடமிருக்காது. நடுவில் அருமைக்காரர், மாப்பிள்ளை, அவருடைய சகோதரி, சுற்றிலும் சொந்தபந்தம். ஓரத்தில் ஸ்டாண்டில் நிற்கும் ஃபிளாஷின் பவரைக் கூட்டிக் குறைக்க, அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவது சடங்குக்கும் இடைஞ்சல், படத்துக்கும் நஷ்டம். அந்த வேலையைக் கேமராவிலிருந்தே முடித்துத் தருகிறது கோடாக்ஸ் எக்ஸ்புரோ வயர்லெஸ் ட்ரிகர். கோவை, பொள்ளாச்சி, பெருந்துறை மண்டபங்களில் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் கருவி. சாய்வான பெரிய திரை, அதன் பக்கத்தில் ஏ முதல் இ வரை ஐந்து குரூப் பட்டன்கள். முகத்துக்கு ஏ, பின்னாலிருந்து கூந்தலுக்கும் தோளுக்கும் பி, மண்டபத்துக்கு சி என்று பிரித்துக்கொண்டால், எது எவ்வளவு பவரில் இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். குரூப் பட்டனை அழுத்தி டயலைத் திருப்பினால் போதும். ஒரு சொடுக்கு மூன்றில் ஒரு ஸ்டாப். மூன்று சொடுக்கில் வெளிச்சம் இரட்டிப்பாகும். 2 மீட்டரில் இருந்த ஸ்டாண்டை 4 மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். அதை ஈடுகட்ட, 1/16-இல் இருந்ததை 1/4-க்கு ஏற்ற ஆறு சொடுக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது டிசிஎம் பட்டன். வெள்ளை வேட்டி சட்டை ஃபிரேமை நிறைத்தால் டிடிஎல் ஏமாந்து வெளிச்சத்தைக் குறைக்கும். அரக்குப் பட்டு நிறைத்தால் கூட்டும். ஒரே மேடையில் அடுத்தடுத்த படங்கள் வெவ்வேறு வெளிச்சத்தில் வரும். டிடிஎல்லில் ஒரு படம் எடுத்து, சரியாக வந்ததும் டிசிஎம்மை அழுத்தினால் அந்த அளவு மேனுவல் எண்ணாக மாறி நிலைத்துவிடும். அதன்பின் தாலி கட்டும் வரை முகத்தின் வெளிச்சம் மாறுவதில்லை.

குறைகளும் உண்டு. தலையில் ஹாட் ஷூ இல்லாததால் மேலே இன்னொரு ஃபிளாஷ் மாட்ட முடியாது. அது தேவைப்படுபவர்கள் அதே நிறுவனத்தின் எக்ஸ்2டி வாங்கலாம். ஃபிளாஷில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதை இந்தத் திரை காட்டாது. ஃபிளாஷ் தயாரானதைச் சொல்லும் பீப் ஒலியும் கெட்டிமேளத்தில் காதில் விழாது. ஏடி200 போன்ற ஃபிளாஷ் முழுப் பவரில் அடித்தால் மறுபடி தயாராக ஏறத்தாழ 2 விநாடி ஆகும். ஆகவே முகூர்த்த நேரத்தில் 1/4-க்கு மேல் போகாமல் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது.

வாங்கியதும் இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, ஐடி எண் வைப்பது. 1 முதல் 99 வரை ஏதாவது ஒன்றை ட்ரிகரிலும் ஃபிளாஷிலும் ஒன்றாக வைக்காவிட்டால், பக்கத்து மண்டபத்து டீம் அடிக்கும்போது உங்கள் ஃபிளாஷும் அடிக்கலாம். இரண்டாவது, ஃபிளாஷ் மிக அருகில் இருந்து அடிக்காமல் போனால் தூர அமைப்பை 0–30 மீட்டருக்கு மாற்றுவது.

கேனான், நிக்கான், சோனி என்று கேமராவுக்கு ஏற்ற மாடலைக் கேட்டு வாங்க வேண்டியது ட்ரிகரை மட்டும்தான். கோடாக்ஸ் எக்ஸ் வரிசை ஃபிளாஷ் எந்த கேமராவுக்கானதாக இருந்தாலும் இதற்குக் கட்டுப்படும். இரண்டு ஃபிளாஷ் வைத்துக் கல்யாணம் எடுக்கிறவர்கள் மூன்றாவது ஃபிளாஷ் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள்.