இரண்டு விண்ணப்பங்கள்

நம் நாட்டில் கதை எழுதுகிறவர்களைவிட, கவிதை எழுதுகிறவர்களைவிட, வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள்தாம் அதிகம். ஆனாலும் இந்த உரைநடை வகையைப் பற்றி எந்த விமர்சகரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. எழுதுகிறவனுக்கு அது சோற்றுப் பிரச்னை; படிக்கிறவருக்கோ கட்டோடு கட்டாக ஒதுக்கிவைக்கும் காகிதம். எழுதுகிறவனுக்கும் படிக்கிறவருக்கும் இவ்வளவு தூரம் இருக்கும்போது, நடுவே நிற்கும் அந்த எழுத்தைச் சற்றுக் கவனித்துப் பார்ப்பது தவறாகாது.

எங்கள் அம்மையார்குப்பம் நெசவாளர்களின் ஊர். தறியை விட்டுவிட்டுத் திருத்தணியில் சென்னைக்கு ரயிலேறும் பிள்ளைகள், கதை எழுதுகிறவர்தானே என்ற உரிமையோடு என்னிடம் விண்ணப்பங்களைக் கொண்டுவருவதுண்டு. பெயரையும் தேதியையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. எல்லோரும் உழைப்பாளிகள், எல்லோரும் நேர்மையானவர்கள். இப்போது சிலர், "புதுமாதிரியா எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் சாட்சி கணித மேதை ராமானுஜன். "அவர்கிட்ட என்ன பட்டம் இருந்துச்சு? ஒரே ஒரு லெட்டர் போட்டாரு, கேம்பிரிட்ஜுக்கே போயிட்டாரு!"

கதை என்ற முறையில் இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது இதுவல்ல.

ராமானுஜன் இரண்டு கல்லூரிகளில் படித்தும் எப்.ஏ. தேறாதவர். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் 1907-ல் மறுபடி தோல்வி. 1909-ல் கல்யாணம் வேறு ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைத் தேடிப் போகிறார். ஐயர் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது குமாஸ்தா வேலை. கையில் கொண்டுபோனதோ தம் கணிதங்களை எழுதிவைத்திருந்த நோட்டுப் புத்தகம். ஐயர் அதைப் புரட்டிப் பார்த்தார், வேலை தரவில்லை. இந்த மனிதனை ரெவின்யூ இலாகாவின் அடிப்படியில் போட்டுப் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை கொடுக்க மறுத்ததே அவர் செய்த பெரிய உபகாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ். என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்த வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் ஏதாவது கிடைத்தால் போதும் என்பதுதான் ராமானுஜன் சொன்ன பதில். அவர் தேடியது உத்தியோகத்தை அல்ல, அவகாசத்தை. ராவ் மாதம் 25 ரூபாய் தந்துவந்தார். ஆனால் ஒருவர் தயவில் நெடுங்காலம் வாழ ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை.

1912 பிப்ரவரி 9-ஆம் தேதி அவர் சென்னைத் துறைமுக ஆபீசுக்கு எழுதிய விண்ணப்பம் நமக்குக் கிடைத்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எழுதுவது போலவே இருக்கிறது! வேலை காலி என்று அறிந்தேன், படித்தது இவ்வளவு, சில இடையூறுகளால் மேலே படிக்க முடியவில்லை, தயவு செய்து நியமிக்க வேண்டுகிறேன். கணிதத்திலேயே முழு நேரத்தையும் செலவிடுகிறேன் என்ற ஒரு செய்தி மட்டுமே அவருக்கென்று உரியது. இலக்கியமாகப் பார்த்தால் இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் மார்ச் 1-ஆம் தேதி முதல் மாதம் 30 ரூபாயில் வேலை கிடைத்தது. காரணம், விண்ணப்பத்துக்கு முன்பே நோட்டுப் புத்தகம் சென்னையைச் சுற்றிவந்துவிட்டது. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் சிபாரிசு எழுதியிருந்தார். துறைமுக ஆபீசிலேயே நாராயண ஐயர் என்ற கணிதப் பிரியர் இருந்தார்.

இரண்டாவது கடிதம் 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குப் போயிற்று. துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் மட்டுமே சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்றும், வயது சுமார் 23 என்றும் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். மாதம் 30 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 360. பவுனுக்கு 15 ரூபாய் விற்ற அந்நாளில் அது 24 பவுன். அவர் பிறந்ததோ 1887 டிசம்பர் 22, வயது 25. எண்களோடு வாழ்ந்தவர் முதல் வரிகளில் தரும் இரண்டு எண்களும் கொஞ்சம் குறைவாகவே இருக்கின்றன! கதாசிரியன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கிறது. ஏழைமையையும் இளமையையும் ஒரு பிடி கூட்டிச் சொல்லும் ஆசை அவரிடமும் இருந்திருக்கிறது. புது வழி தேடும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வதும் இந்த ஒரு பிடியைத்தான். இணைப்பாகப் போன பக்கங்களை மறந்துவிடுகிறார்கள். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்கள் இருந்தன. அவற்றில் இரக்கத்துக்கு இடமில்லை. ஹார்டியை உலுக்கியவை அந்தப் பக்கங்கள். கடிதத்தில் வேலை கேட்கவே இல்லை. இவற்றில் மதிப்பு உண்டென்று பட்டால் பிரசுரிக்க உதவுங்கள் என்றுதான் கேட்டிருந்தார்.

அந்த ஆண்டு மே மாதமே சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார்.

ஆகவே, துணிச்சலாகக் கடிதம் எழுது, வேலை கிடைக்கும் என்று இதிலிருந்து பாடம் சொல்வது பொய். ஹார்டிக்கு முன்னால் பேக்கர், ஹாப்சன் என்ற வேறு இரு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கும் அவர் எழுதிப் பார்த்தார், பயனில்லை. கையில் வேலைத்திறன் இருக்க வேண்டும். அது தானே பேசும்படி எடுத்து வைக்கவும் தெரிய வேண்டும். எங்கள் ஊரில் இது புதுமை அல்ல. நெய்த துணியை விரித்துக் காட்டினால் போதும், நெசவாளி தன் யோக்கியதையை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் துணியைத் தொட்டுப் பார்த்து இழையறியும் விரல் எதிரே இருக்க வேண்டும்.

நாம் குறை சொல்ல வேண்டியது விண்ணப்பம் எழுதுகிற பையனை மட்டுமல்ல. திருக்கோவிலூரில் ஒரு டெபுடி கலெக்டர், ஆபீஸ் வேலைக்கு நடுவே, எப்.ஏ. தேறாத ஒருவனின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து படித்தார். அப்படிப் படிக்கிறவர்கள் எத்தனை ஆபீஸ்களில் இருக்கிறார்கள் என்று நாற்காலியில் இருப்பவர்களையும் கேட்க வேண்டும்.